25 இலக்க நூலுக்கு ஓர் உரை

நூல் இதுவே: 3608528850368400786036725. ஆசிரியர் பெயர் இல்லை, கடவுள் வாழ்த்து இல்லை, அவையடக்கமும் இல்லை. அளவு ஏறத்தாழ 3608 கோடி கோடி கோடி.

இதன் சிறப்பு யாதோ எனின், இடமிருந்து எத்தனை இலக்கம் எடுத்தாலும் அத்தனையால் மீதியின்றி வகுபடுதல். 36 இரண்டால், 360 மூன்றால், 3608 நான்கால், 36085 ஐந்தால். ஏழாம் படியில்கூட இது 3608528 என்று நின்று, ஏழுக்கு 515504 பங்கு வைத்துவிட்டு நகர்கிறது. 25 வரை இதே ஒழுக்கம்.

அற்றேல், நடுவே ஏதேனும் இடைச்செருகல் உண்டோ எனின், இல்லை. 25 இலக்கத்தில் இக்குணம் உடைய எண் வேறொன்று இல்லை. ஓர் இலக்கத்தை மாற்றினாலும் நூல் கெடும். பாடபேதமே இல்லாமல் பதிப்பாசிரியர்களின் பிழைப்பைக் கெடுத்தது என்பது இதன்மேல் உள்ள ஒரே புகார். இரட்டை இடங்களில் ஒற்றைப்படை இலக்கம் வாராமை விதி. ஆனால் 1, 9 இரண்டும் நூல் முழுவதும் தலைகாட்டாததற்கு விதி எதுவும் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சுற்றம். பூஜ்யம் நீங்கலாக இக்குலத்தில் மொத்தம் 20456 எண்கள். ஒன்பது இலக்கத்தார் 2492 பேர்; பத்து இலக்கத்தாரும் 2492 பேர். தந்தையின் வாலில் பூஜ்யம் ஒன்றை ஒட்டிக்கொண்டதன்றிப் பத்தாம் தலைமுறை எதுவும் செய்யவில்லை. பதினொன்றில் தொடங்குகிறது சரிவு. மீதிகள் பதினொன்று வரலாம், சரிக்கட்டக் கையில் உள்ளவை பத்தே இலக்கங்கள். அடுத்த படியில் பன்னிரண்டுக்குப் பத்து, பிறகு பதின்மூன்றுக்குப் பத்து. இந்த விகிதங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் 25 இலக்கத்தில் ஏறத்தாழ 0.58 எண் இருக்க வேண்டும். முழுதாக ஒன்றே இருக்கிறது. மிச்சம் 0.42 ஊழா, தற்செயலா என்பதை வேறு உரைகாரர் ஆராய்க. ஒழுக்கம் என்று நாம் மெச்சியதெல்லாம் அதிர்ஷ்டமே என்பது எம் துணிபு.

பயன் யாதோ எனின், யாதுமில்லை. பயன் வேண்டுவோர் வருமான வரிப் படிவம் படிக்க.

26ஆம் இலக்கம் ஏன் இல்லை? கடைசியில் பூஜ்யம் சேர்த்து 26ஆல் வகுத்தால் மீதி 12 வருகிறது. அதைச் சரிக்கட்ட 14 வேண்டும். ஓரிடத்தில் ஓரிலக்கமே நிற்கும், 14 நில்லாது.

பதினாறு இலக்கம் வழங்கும் கணினியார் நாட்டில் 14க்குத் தனிக் குறி உண்டே, அதை இரவல் வாங்கலாகாதோ எனின், ஆகாது. அங்கே இடமதிப்பு வேறு. நான்கு படி வரை தப்பித்தாலும், ஐந்தாம் படியில் 36085 என்பது நம் கணக்கில் 221317 ஆகிவிடும். அதை ஐந்தால் வகுத்தால் மீதி 2.