அடையாறு வெகு தூரம்!

கேள்வி: மைன்கிராஃப்ட் ஹோஸ்ட் செய்தால் வீட்டிலிருக்கும் தம்பி நுழைகிறான், அடையாறு நண்பனால் முடியவில்லை. ரௌட்டரில் 25565 போர்ட்டையும் திறந்துவிட்டேனே?
- ஒரு வாசகர், சாந்தோம்

பதில்: சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே கடலடிக் கேபிள் போட்டாயிற்று, உங்களுக்கு அடையாற்றைத் தாண்டுவதே பெரும்பாடு!

ரௌட்டரில் 'வான் ஐபி' என்ன காட்டுகிறது? 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் அது சிஜிநாட். ஒரே பொது ஐபி-யில் பல வீடுகள் ஒண்டுக்குடித்தனம். உங்கள் கதவை மட்டும் திறந்து என்ன பயன்? வாசல் கேட்டின் சாவி இணைய நிறுவனத்திடம்!

அவர்களிடம் ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள். தனிக் கட்டணம் கேட்டால், இருவர் கணினியிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியைப் போட்டு, இரண்டையும் ஒரே வலையில் சேர்த்து, உங்கள் கணினிக்கு அது தரும் முகவரியை நண்பனுக்குக் கொடுங்கள். அப்புறமும் தோற்றால் நெட்டைத் திட்டாதீர்கள்!