மதராசி கேம்ப்பிலிருந்து யூனிவர்சிட்டிக்கு: மரியாதையில்லாத ஒரு வரலாறு

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லியில் தர்பார் நடத்தி, தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து இங்கே மாற்றுவதாக அறிவித்தார். ராஜாவுக்கென்ன, சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். ஃபைல்களைக் கட்டித் தூக்குவது யார்? இங்கிலீஷ் தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், எழுதியதை ஏன் என்று கேட்கக் கூடாது. இத்தனை லட்சணமும் ஒருங்கே அமைந்த ஆளைத் தேடி சர்க்கார் தெற்கே திரும்பியது. கும்பகோணத்தாரும் பாலக்காட்டாரும் காபிக்கொட்டை மூட்டையோடு வடக்கே ரயிலேறினார்கள். விந்தியமலைக்குத் தெற்கே பிறந்த அத்தனை பேருக்கும் டில்லிக்காரன் ஒரே பெயர் வைத்தான்: மதராசி. அவனுக்கு வேலை மிச்சம்.

கோடை வந்தால் சர்க்கார் சிம்லா மலையேறும். கூடவே குமாஸ்தா ஏறுவார், மாமி ஏறுவாள், ஊறுகாய் ஜாடி ஏறும், பிள்ளைகளும் ஏறுவார்கள். படிப்பு என்னாவது? அந்தக் கவலையில் 1920களில் பிறந்ததுதான் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன். இன்று அதன் பெயர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், வாயில் நுழைவது டி.டி.இ.ஏ. லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகள். அந்தக் காலத்துக் குமாஸ்தா வீட்டில் கல்லூரிக்கான முன்தயாரிப்பு சுருக்கமானது. காலையில் கணக்கு, மாலையில் இங்கிலீஷ், நடுவில் அப்பாவின் முறைப்பு. மெட்ரிக் தேறிவிட்டால் பாதி உத்தியோகம் கைக்கு வந்த மாதிரி.

பல்கலைக்கழகம் மட்டும் அப்போது என்ன ராஜகம்பீரத்திலா இருந்தது? 1922இல் சட்டம் போட்டு டில்லிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தவை மூன்றே கல்லூரிகள்: செயின்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ். முதல் துணைவேந்தர் ஹரி சிங் கௌர். உட்கார ஒழுங்கான சொந்த இடம்கூடக் கிடையாது. வைஸ்ராய் புது மாளிகைக்குக் குடிபோன பிறகு, அவர் காலி செய்த பழைய மாளிகை 1933இல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. டில்லியில் அரசாங்கத்திடம் மாற்று இடம் வாங்கிய குடித்தனங்களில் இவ்வளவு சுலபமாக வாங்கியது இது ஒன்றாகத்தான் இருக்கும். குடும்ப அட்டை கேட்டதாகத் தகவல் இல்லை.

1938இல் சர் மாரிஸ் குவையர் துணைவேந்தரானார். ஃபெடரல் கோர்ட்டின் தலைமை நீதிபதியும் அவரே. பகலில் நாட்டுக்குத் தீர்ப்பு, மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு. இரண்டு வருட இன்டர்மீடியட்டைப் பார்த்தார், இது பள்ளியுமில்லை கல்லூரியுமில்லை என்று முடிவு கட்டினார், நடுவே வெட்டி ஒரு வருடத்தைப் பள்ளிக்கும் ஒரு வருடத்தைக் கல்லூரிக்கும் கொடுத்தார். மூன்று வருடப் பட்டப்படிப்பு அப்படித்தான் வந்தது. 1970களின் கடைசியில் பிளஸ் டூ வந்து பள்ளியில் இன்னும் ஒரு வருடம் ஏறியது. 2013இல் கல்லூரியை நான்கு வருடமாக்கினார்கள், 2014இல் வேண்டாம் என்றார்கள், 2022இல் மறுபடி வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே தயாராகுங்கள் என்று பிள்ளைக்கு உபதேசிக்கிறவர்களின் சொந்த லட்சணம் இது.

இதற்கிடையே இன்னொரு ரயில் வந்து சேர்ந்தது. இதில் குமாஸ்தா இல்லை. 1960களின் கடைசியிலும் 70களிலும் சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் மழை பொய்த்துப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரம் ஜுக்கி, அதாவது குடிசை, போட்டார்கள். அதுதான் மதராசி கேம்ப். உள்ளே ஒரு கோயில், இட்லி மாவு, தமிழ்ச் சண்டை, ரஜினி போஸ்டர். சுற்றிலும் ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபென்ஸ் காலனி. பெண்கள் பெரும்பாலும் ‘கோட்டி வேலை’க்குப் போனார்கள். கோட்டி என்றால் நம் ஊரில் சில பக்கம் கிறுக்கு, அங்கே பங்களா.

அந்தப் பங்களாக்களில்தான் கேம்ப் அம்மாக்கள் முன்தயாரிப்பு என்ற கலையை முதன்முதலாக நேரில் பார்த்தார்கள். எட்டாவது படிக்கிற பையனுக்கு ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’. ஒன்பதாவதில் கணக்குக்கு ஒரு சார், ஃபிசிக்ஸுக்கு ஒரு சார். பதினொன்றில் பையனின் பெயர் ஒரு பள்ளியில், பையனின் உடம்பு கோச்சிங் சென்டரில். இதற்கு ‘டம்மி ஸ்கூல்’ என்று பெயர். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைச் சித்தர்கள் பல வருடம் தவமிருந்து கற்றார்களாம். டில்லியில் அதை ஒரு வருட ஃபீஸ் கட்டினால் ரசீதோடு தருகிறார்கள்.

கேம்ப் பிள்ளைகளில் பலர் போனது லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு. ஐந்தாவது வரை தமிழ் வழி. ஆறாவதில் கால் வைத்தால் எல்லாம் இங்கிலீஷ். போன வருடம் ஒளிச்சேர்க்கை செய்த அதே இலை இந்த வருடம் போட்டோசிந்தசிஸ் செய்யும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் இங்கிலீஷ். இவர்களை மும்மொழித் திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று யாரும் கேட்டதில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பேச்சு இப்படித்தான் போகும்.

“டீச்சர், எது படிச்சா பாப்பாவுக்குக் காலேஜ்ல இடம் கிடைக்கும்?”

“எல்லாத்தையும் படிக்கணும்மா.”

“அது தெரியுது டீச்சர். எதை முதல்ல படிக்கணும்?”

அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி. அதற்கு வருடத்துக்கு ஒரு பதில் வைத்திருந்தது டில்லிப் பல்கலைக்கழகம்.

ஒரு காலத்தில் முதல் வகுப்பு, அதாவது 60 விழுக்காடு, வாங்கினவனைத் தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு கட்-ஆஃப் ஏற ஆரம்பித்தது. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பிளஸ் டூவில் வணிகவியல் படிக்காத பிள்ளைகள் பி.காம். சேர 100 விழுக்காடு கேட்டது. 2015இல் இந்திரப்பிரஸ்தா கல்லூரி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 100 கேட்டது. பெயர் இந்திரப்பிரஸ்தா என்றாலும் தருமருக்கே இடம் கிடைத்திருக்காது. அசுவத்தாமன் விஷயத்தில் சொன்ன அரைப் பொய்க்கு அரை மார்க் போயிருக்கும். தவிர, அது பெண்கள் கல்லூரி. 2021இல் ஹிந்து கல்லூரி அரசியல் அறிவியலுக்கு நூற்றுக்கு நூறு என்று மதில் எழுப்பியது. யார் தாண்டப் போகிறார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்களிடம், பொதுப் பிரிவின் 20 இடங்களுக்கு நூறு பேருக்கு மேல் நூறு மார்க்கோடு வந்து நின்றார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பிள்ளைகள். கட்-ஆஃபைத் தொட்டவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி. பெஞ்சுக்குப் பஞ்சம் வந்தது.

செயின்ட் ஸ்டீபன்ஸின் வழி தனி வழி. அப்போது யாருக்கும் மார்க் மட்டும் போதாது, நேர்முகமும் இருந்தது. என்ன வாசிக்கிறாய், பொழுதுபோக்கு என்ன என்றெல்லாம் விசாரிக்கிற ரகம். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் டேங்கர் வரிசையில் நின்று, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் ஓடுகிற பெண்ணிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், போகாத பொழுதைப் பார்த்திராத அவள் என்னதான் சொல்வாள்?

கேம்ப்பார் விட்டு வந்த ஊர்ப்பக்கம் இன்னொரு வேடிக்கை நடந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டின் மருத்துவ, பொறியியல் கனவுகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தன. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு, முதல் நாளே பன்னிரண்டைத் தொடங்கி இரண்டு வருடம் அதையே உருட்டினார்கள். கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம், தொழில்நுட்பம் கைவசம் இருந்தது. 1984இல் வந்த நுழைவுத்தேர்வு 2006இல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்ட பிறகு, பிளஸ் டூ மார்க்கே வேதம் என்றானதும் பண்ணைகள் இன்னும் கொழுத்தன. பதினொன்றை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்து 2017-18இல் அரசு அதற்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025இல் அதையும் எடுத்துவிட்டது. ஊரிலேயே இருந்திருந்தால் பிள்ளை படித்து முன்னுக்கு வந்திருக்குமோ என்று ஏங்கிய கேம்ப் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: அந்த விடுதிக் கட்டணத்துக்கு நாலா ஓரத்தில் நாலு ஜுக்கி போடலாம்.

2022இல் கட்-ஆஃப் கூத்து முடிந்தது, கியூட் வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொது நுழைவுத்தேர்வு. சரிக்கு ஐந்து மார்க், தப்புக்கு ஒன்று கழியும். பாடம் பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். பதின்மூன்று மொழிகளில் எழுதலாம், தமிழும் உண்டு. கோச்சிங் தேவையில்லாத தேர்வு என்றார்கள். அவர்கள் சொல்லி வாயை மூடுவதற்குள் கோச்சிங் சென்டர்கள் போர்டை மாற்றிவிட்டன. முதல் வருடமே ஆகஸ்டில் தொழில்நுட்பக் கோளாறென்று பல மையங்களில் தேர்வு ரத்து. விடிகாலையில் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் கேட் வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

கேம்ப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில், கால்காஜியில், டில்லிப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் கல்லூரி இருக்கிறது. நம் கணித மேதை ராமானுஜன்தான். அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இங்கிலீஷில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர், பச்சையப்பனில் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். உடலியல் பாடம் அவரைத் தோற்கடித்தது. இன்று அந்தக் கல்லூரியில் கணிதம் சேர கணக்கோடு மொழிப் பாடமும் மற்ற இரண்டு பாடங்களும் கியூட்டில் எழுத வேண்டும். ராமானுஜன் கல்லூரியில் ராமானுஜனுக்கு இடமில்லை. கேம்பிரிட்ஜாவது கிடைத்ததே என்று அவர் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மதராசி கேம்ப் எழுதிய பெரிய பரீட்சைக்கு வருவோம். பாராபுல்லா நாலா அடைத்துக்கொள்கிறது, மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, அதனால் கேம்ப் போக வேண்டும் என்று வழக்கு. 2025 மே 9 அன்று டில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 1 முதல் இடிக்க உத்தரவிட்டது. 370 குடிசைகள் தேர்வில் உட்கார்ந்தன. பாடத்திட்டம் 2015ஆம் வருடக் குடிசை மறுவாழ்வுக் கொள்கை. கேம்ப் 2006க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், குடிசை 2015க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிரங்குப் பெட்டியடியில் வைத்த வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் வெளியே வந்தன. வெள்ளத்தில் ஊறியவை பாதி, எலி படித்து முடித்தவை மீதி. ஒரு அட்டையில் முருகேசன், இன்னொன்றில் முர்கேஷ், மூன்றாவதில் அப்பா பெயரே குடும்பப் பெயர். கியூட்டில் தப்புக்கு ஒரு மார்க்தான் கழியும். இங்கே ஒரு எழுத்துத் தப்புக்கு வீடே கழியும்.

முதல் பட்டியலில் 189 பேர் தேறினார்கள். தேறியவர்களுக்கு நரேலாவில் ஃப்ளாட், லோதி எஸ்டேட் பள்ளியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே தமிழ்ப் பள்ளி இல்லை, கோட்டி வேலையும் இல்லை. தேறாதவர்களுக்கு இம்ப்ரூவ்மென்ட் எக்ஸாம் கிடையாது. ஊர் திரும்ப விரும்பினால் உதவுகிறோம் என்றது தமிழக அரசு. கேம்ப்புக்குப் பக்கத்திலேயே ஜஹாங்கீர் காலத்துப் பாராபுல்லா பாலம் நிற்கிறது. நானூறு வயதாகிறது, அதை அழகுபடுத்தினார்கள். பாலத்திடம் யாரும் 2015க்கு முந்தைய கரண்ட் பில் கேட்கவில்லை.

அந்த வருடக் கியூட் தேர்வு மே 13 முதல் ஜூன் முதல் வாரம் வரை நடந்தது. புல்டோசர் வந்தது ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. ஒரே வாரத்தில் ஒரே ஊரில் இரண்டு தேர்வு. அட்டவணை போட்டவர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசியிருக்க வாய்ப்பில்லை. மூட்டை கட்டும் வீட்டில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் எந்த மூட்டைக்குள் போனது என்று தேடுவது எந்தக் கோச்சிங் சென்டரும் நடத்தாத பாடம்.

ஆகவே எந்த ஜுக்கியில், எந்த வாடகை அறையில் இருந்தாலும் சரி, ஒன்பதாவது படிக்கிற பிள்ளையை வைத்திருக்கும் டில்லித் தமிழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபவுண்டேஷன் கோர்ஸ் கிடக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி ரெஜிஸ்டர் மூன்றிலும் பெயரை ஒரே எழுத்தில் ஆக்கிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அப்பாவின் சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்து வாருங்கள், அது இல்லாமல் பிள்ளைக்கு டில்லியில் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. ஓ.பி.சி. என்றால் சேருகிற வருடத்துக்கான புதுச் சான்றிதழ் கேட்பார்கள், அதை மறக்காதீர்கள். எல்லாவற்றையும் நகலெடுத்து நாலாவுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.