கரிகாலன் கொலையில் ஒரு வில்லங்கம்

திருத்தணி யாருக்கு என்ற தகராறு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டதாகச் சரித்திரப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வருஷக்கணக்கில் போராடி, படாஸ்கர் நடுவராக உட்கார்ந்து பேசி, ஒருவழியாக முருகன் சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. வாதி, பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை ஐந்து பாகமும் கரைத்துக் குடித்தவர். பிரதிவாதி, என் மனைவியின் அண்ணன். நகரியில் பத்திரம் எழுதுகிறவர், 'பாகுபலி'யின் தீவிர பக்தர். திருத்தணியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி வந்துவிடும். அந்தக் கொஞ்ச தூரத்தில் சோழ சாம்ராஜ்யம் முடிந்து மகிழ்மதி தொடங்கிவிடுகிறது.

பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில், தாத்தா வாராவாரம் 'கல்கி' இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டுகள் இருக்கின்றன, மணியத்தின் சித்திரங்களோடு. அந்தக் கட்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950 அக்டோபர் கடைசியில் தொடர் ஆரம்பித்தபோது தாத்தா சென்னை ராஜ்யத்துப் பிரஜை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1954 மே மாதம் கதை முடிந்தது. ஆக, தாத்தா அதே திண்ணையில், அதே தூணில் சாய்ந்தபடியே, முதல் பாகத்தைச் சென்னை ராஜ்யத்திலும் கடைசி அத்தியாயங்களை ஆந்திர ராஜ்யத்திலும் படித்தார்.

பெரியப்பா ஏதோ பெருமையாக இதை ஒருநாள் சொல்லப்போக, மச்சான் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்போ கிளைமாக்ஸ் ஆந்திராவுல படிச்சதுதானே மாமா? எங்களுக்கும் அதுல பாத்தியதை கீது." பத்திரம் எழுதுகிறவரிடம் தேதி சொல்லக் கூடாது.

'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்தது. பெரியப்பாவைக் காலைக் காட்சிக்கு அழைத்துப்போனோம். அவர் எதிர்பார்த்தது ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். திரையில் எடுத்த எடுப்பிலேயே சண்டை. பெரியப்பா எழுந்து நின்று, "தப்பான தியேட்டருக்கு வந்துட்டமா?" என்று கேட்டார், மொத்த அரங்குக்கும் கேட்கிறாற்போல. அதன் பிறகு உட்கார்ந்தார், ஆனால் வாய் உட்காரவில்லை. அடுத்து யார் வருவார், என்ன பேசுவார், நாவலில் அது எந்தப் பாகம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மூச்சு முன்னால் அறிவித்துக்கொண்டே வந்தார். முன்வரிசைப் பையன்கள் முதலில் முறைத்தார்கள். இடைவேளைக்குப் பின்னால், குழப்பமான இடம் வந்தால் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இவரு யாரு?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

நந்தினி விஷயத்தில் அவருக்குச் சமாதானமே ஆகவில்லை. ஐஸ்வர்யா ராய் அழகில்லை என்று சொல்லும் அளவுக்கு அவர் துணிச்சல்காரர் அல்ல. அவருடைய புகார் கொண்டையைப் பற்றியது. மணியம் வரைந்த கொண்டை வேறு. எழுபது வருஷமாக அவர் மனசில் ஒரு கொண்டை சாய்ந்தபடி இருக்கிறது. அதை யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்கிற கோபம். குந்தவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரிஷாவின் மேல் என் மனைவிக்கு இருக்கும் அபிமானம் அவருக்குத் தெரியும், சாப்பாடு போடுவதும் அவள்தான். வீட்டில் எல்லாரும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட ஒரே ஆள் ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராம். இந்த ஊருக்கு அந்தப் பாத்திரம் ரொம்பப் பொருத்தமும்கூட. மலையில் முருகன், அடுத்த பஸ்ஸில் திருப்பதி. தடியை எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்ப இதைவிட வசதியான ஜங்ஷன் வேறு எங்கே கிடைக்கும்?

மச்சான் படத்தை நகரியில் தெலுங்கில் பார்த்துவிட்டு மறுநாளே வந்து இறங்கினார். "இன்னா மாமா, எத்தினி சோழனுங்க! ஒவ்வொருத்தனுக்கும் மூணு பேரு. ஒரே ஆளு அருண்மொழின்றாங்க, பொன்னியின் செல்வன்றாங்க, ராஜராஜன்றாங்க. எங்க படத்துல பாரு, ரெண்டே பேரு, ரெண்டுமே பாகுபலி." பெரியப்பா சும்மா இருந்தார். மச்சான் விடவில்லை. "கட்டப்பா ஏன் கொன்னான்னு நாங்க ரெண்டு வருஷம் காத்துக்கினு இருந்தோம். ராஜமௌலி சொல்லிட்டாரு. கரிகாலனை யாரு கொன்னாங்கன்னு உங்காளு எழுபது வருஷமா சொல்லலியே?"

பெரியப்பா இதற்குச் சொன்ன பதில் தமிழாசிரியர்களுக்கே உரியது. அதை அச்சிட முடியாது; மரியாதைக் குறைவான சொல் ஒன்றும் இல்லை, நீளம்தான் காரணம்.

இந்தக் கச்சேரிக்கு மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அண்ணன் மகள். சென்னையில் வேலை, சனிக்கிழமை மின்சார ரயிலில் வந்து இறங்குவாள். அவளுக்குச் சோழரும் வேண்டாம், மகிழ்மதியும் வேண்டாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அந்த 2022 செப்டம்பரில் அவளும் கோபத்தில்தான் இருந்தாள். மாத ஆரம்பத்தில் அமேசானில் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' வந்திருந்தது. ஆயிரக்கணக்கான வருஷக் கதையை ஒரு தலைமுறைக்குள் சுருட்டிவிட்டார்கள் என்று இவள் பொருமினாள். கடைசியில் மணிமேகலையைப் படத்தில் காணோம் என்று தெரிந்தபோது பெரியப்பா பட்ட துக்கத்தை அந்த வீட்டில் முழுசாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். இரண்டு தலைமுறையைச் சேர்த்துவைக்க ஒரு பொதுத் துக்கம் போல வராது.

அவள் வாயிலாகப் பெரியப்பாவுக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன. இரண்டையும் இன்றுவரை வைத்துக்கொண்டு ஊரைப் படுத்துகிறார். முதலாவது: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் தன் வரிசையில் ஐந்தாவது புத்தகத்தை 2011-ல் கொடுத்தார், ஆறாவது இன்னும் வந்தபாடில்லை. "நம்ம ஆளு பத்திரிகையும் நடத்திக்கிட்டு, வாராவாரம், மூணரை வருஷம்!" என்று கல்யாண வீடுகளில்கூட சொல்கிறார், மார்ட்டின் யார் என்று தெரியாதவர்களிடம். இரண்டாவது: டோல்கீனின் மோதிரக் கதை முதல் பாகம் வெளியானது 1954 ஜூலையில், 'பொன்னியின் செல்வன்' முடிந்து இரண்டே மாதத்தில். இதைக் கேட்டுப் பெரியப்பா சற்று நேரம் யோசித்தார். பிறகு, "தபால்ல போயிருக்கும்" என்றார்.

உண்மையான போர் நடந்தது படிகளில். டிசம்பர் 31 இரவு எங்கள் ஊரில் திருப்படித் திருவிழா. மலைக்கு 365 படி, வருஷத்தில் ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு. படிக்குப் படி பூஜை, பஜனைக் கோஷ்டிகள் திருப்புகழ் பாடியபடி ஏறும். முதல் பாகம் வந்து இரண்டாம் பாகம் வராத அந்தத் திருவிழாவுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். பாதி மலையில் மச்சான் அப்பாவி மாதிரி ஒரு கேள்வியை எடுத்துப் போட்டார். "ராஜா ஆவப் போறது யாரு மாமா? அதையாவது சொல்லு."

பெரியப்பா நின்றார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. அவர் கதையைச் சொன்னார்: நாவலில் மதுராந்தகனாக வளர்ந்தவன் ஒருத்தன், நிஜ மதுராந்தகன் வேறொருத்தன், தஞ்சாவூரில் கோயிலுக்குப் பூத்தொண்டு செய்கிற சேந்தன் அமுதன்தான் கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுகிறான்.

"பூக்கட்டுற பையனா?" என்றார் மச்சான். "வாரிசுச் சான்றிதழ் யாரு குடுத்தாங்க?"

அண்ணன் மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'லயும் இதேதான்! யாருமே எதிர்பார்க்காத பிரானைக் கடைசியில ராஜாவாக்கிட்டாங்க. 2019-ல அந்தக் கடைசி சீசன் பிடிக்காமத்தான் பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு, சீசனையே திருப்பி எடுக்கச் சொன்னாங்க."

"அவன் முன்னாடியே கதையில வந்தானா?"

"முதல் எபிசோடிலேயே ஜன்னல்லேர்ந்து தள்ளி விட்டாங்க தாத்தா."

"சேந்தன் அமுதனும் முதல் பாகத்துலயே வந்துட்டான். ஆனா அவனை யாரும் தள்ளிவிடலை. மரியாதையா வெச்சிருந்தாங்க. அதான் வித்தியாசம்."

பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா, "சாமி, ராஜாவை மேல போயிப் பாத்துக்கலாம், அரோகரா சொல்லிக்கினே ஏறுங்க" என்றார். மறு ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது, படத்தில் மதுராந்தகனே முடிசூடிக்கொண்டார். கோயிலுக்குப் பூக்கொடுப்பவனின் சிம்மாசனத்தைப் பறித்துவிட்டார்கள் என்று பெரியப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. பூக்காவடி எடுக்கிற ஊர்க்காரர், தாங்காது. கல்கி செய்ததற்கும் அன்றைக்குப் புகார் இல்லாமல் போகவில்லை. கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் கேட்க, அவரே முடிவுரை எழுதி, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று பொறுமையாகக் கணக்குச் சொன்னார். பத்து லட்சம் கையெழுத்துக்கு ஒரு முடிவுரைகூட வரவில்லை என்று அண்ணன் மகளுக்கு இன்னும் வருத்தம்.

என்னைக் கேட்டால், இவர்கள் எல்லாருமே கொஞ்சம் எங்கள் வட்டாரத்துக் கூத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனனை மண்ணில் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்துப் படுகளம், தீமிதி. எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. கதை எல்லாருக்கும் மனப்பாடம். அங்கேயும் விமரிசகர்கள் இருக்கிறார்கள், விடிய விடிய பீடி பிடித்தபடி. அவர்கள் ஒருத்தர்கூட "வியாசர் இப்படி எழுதலியே" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "போன வருஷம் வந்த ஜமாவுல கர்ணன் செத்தப்ப நான் அழுதேன், இந்த வருஷம் அழுகை வரல, காசைக் குறைச்சுக் குடு" என்பார்கள். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறி மூச்சு வாங்கினால் அந்த வருஷம் சீசன் தோல்வி. எனக்கு இந்த அளவுகோல் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் என் வோட்டு செல்லாது. நான் நாவலை இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியவன்.

கடைசியில் மூல ஆதாரத்தையே பார்த்துவிடுவது என்று பெரியப்பா முடிவுகட்டினார். இதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. சோழ சரித்திரத்தின் சாட்சிகள் பாதிப் பேர் எங்கள் சுற்றுவட்டாரம். நாவல் தொடங்குகிற வீராணம் ஏரியை வெட்டிய ராஜாதித்தன் 949-ல் விழுந்த தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கம். கொல்லப்பட்ட ஆதித்த கரிகாலனைப் பற்றிப் பேசும் செப்பேடு 1905-ல் கிடைத்தது திருவாலங்காட்டில். ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த சாசனம். மச்சானையும் உட்காரவைத்து, பெரியப்பா அதன் சாரத்தைச் சொன்னார். ஆதித்தன் பாண்டியன் தலையைக் கொண்டான். பிறகு வானுலகத்தைப் பார்க்கிற ஆசையில் அங்கே போய்விட்டான். ஜனங்கள் கெஞ்சியும் அருண்மொழி, சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிறவரை தனக்கு ராஜ்யம் வேண்டாம் என்றார்.

"கொலையைப் பத்தி?"

"ஒரு வார்த்தை இல்லை."

"எப்படி இருக்கும்?" என்றாள் அண்ணன் மகள். "எழுதச் சொன்னது ராஜேந்திரன். செத்தது அவரோட பெரியப்பா. பெரியப்பாவை விட்டுக்கொடுத்து யார் எழுதுவாங்க?" இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பாதான் விசிறிக்கொண்டார்.

மச்சானுக்குக் கதையில் லயிப்பில்லை. செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் நிலத்து எல்லைகள் திசை திசையாகச் சொல்லியிருக்கிறது என்றதும் நிமிர்ந்தார். "நாலு பக்கமும் செக்குபந்தி போட்டிருக்கானா? அப்ப இது நல்ல பத்திரம் மாமா. படத்தை இவனுங்ககிட்டக் குடுத்திருக்கணும்."

அந்த உற்சாகத்தில் பெரியப்பா அடுத்த சாட்சியையும் கூண்டில் ஏற்றினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் போட்டே சொல்கிறது. அவர்களுடைய உறவினர் வரைக்கும் சொத்து பறிமுதல். அந்த நிலத்தை ஒருத்தர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு எழுதிவைத்தார்.

மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தொழில்முறை அதிர்ச்சி. "கொலைக் கேஸுல அட்டாச் ஆன நிலம். பங்காளிங்க உயிரோட கீறாங்க. வில்லங்கம் போட்டுப் பாக்காம எவன் மாமா வாங்கினான்? அவனுக்குப் பின்னால என்ன ஆச்சு? இது எந்தப் பாகத்துல வருது?"

"நாவல்ல அது வராதுப்பா."

"வராதா? அஞ்சு பாகம் எழுதினவரு, முக்கியமானதை விட்டுட்டாரே மாமா!"