டிக்‌ஷனரி சார்

டிக்‌ஷனரி சாரின் சொத்து மூன்று: அட்டை கிழிந்த லிப்கோ அகராதி, 1949இல் முதலில் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி', சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. 2017இல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று எழுதி, நாட்டையே அகராதி புரட்ட வைத்த நாள் இவருக்குத் தீபாவளி.

மனப்பாடத்துக்குத் திருவண்ணாமலைக் கிரிவலம். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். லிங்கத்துக்கு ஒரு சொல். இந்திர லிங்கத்தில் பிடித்த சொல் அக்னி லிங்கம்வரை உதட்டில் அசையும். பின்னால் வருகிறவர்கள் மந்திரம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கற்றதைச் செலவழிப்பதுதான் பெரும் பாடு. டீக்கடையில், "பௌர்ணமின்னா ஜனங்க யுபிக்விடஸ்பா" என்பார். சொல்லிவிட்டு நிறுத்துவார். கிளாஸை வாயருகே பிடித்தபடி, குடிக்காமல், எதிரே இருப்பவர் முகத்தையே பார்ப்பார். "அப்படின்னா என்ன சார்?" என்ற கேள்வி வரும்வரை டீ ஆறிக்கொண்டிருக்கும். வராவிட்டால், "கொசுவும் யுபிக்விடஸ்தான்" என்று மறுபடி நீட்டுவார். கிளாஸ் திரும்பி வர வேண்டுமே என்று டீ மாஸ்டர்தான் கடைசியில் கேட்டுத் தொலைப்பார். உடனே 'எங்கும் நிறைந்திருப்பது' என்ற பொருள், எதிர்ச்சொல், லத்தீன் வேர் எல்லாம் கொட்டும். மாஸ்டர் அதற்குள் அடுத்த பாலைப் பொங்க வைத்திருப்பார்.

ரமணாஸ்ரமம் பக்கம் வெள்ளைக்காரரைக் கண்டால் உற்சாகம் இரட்டிப்பாகும். அவர்களில் பலர் ஜெர்மனி, பிரான்ஸ்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் இரவல்தான். "ஆர் யூ பெரிபடெடிக்?" என்று இவர் கேட்பது, கால்நடையாகச் சுற்றுகிறவரா என்ற விசாரணை. ஏதோ வியாதியைப் பற்றிக் கேட்கிறார் என்று, "நோ, நோ, ஐ ஆம் ஃபைன்" என்று அவர்கள் நடையைக் கட்டுவார்கள்.

பரீட்சைக் காலத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஸ்பெல்லிங் சொல்லித் தருவார். அதற்காகவே ஊர் இவரைப் பொறுத்துக்கொள்கிறது.

பொறுக்க முடியாமல் போவது இவர் மனு எழுதும்போதுதான். 'பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை' என்பதற்கு இரண்டு வரி போதும். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. இவர் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவார். 'தண்ணீர்' என்ற சொல் மட்டும் அதில் எங்கும் இருக்காது. படித்த அதிகாரிக்குப் புகாரா, பாராட்டா என்று விளங்காது, கோப்பில் சேர்த்துவிடுவார். தெருக்காரர்கள் வழக்கம்போல் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பார்கள்.