தொண்ணூறு நாளில் முடிகிற சண்டை

1861-ல் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியைக் குதிரை மேல் ஏற்றுவதென்றால் முதலில் குதிரையிடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு வயது 74. உயரம் ஆறடி ஐந்தங்குலம், எடை 130 கிலோவுக்கு மேல், போதாக்குறைக்குக் கீல்வாதம். 1812-ல் பிரிட்டிஷாரோடு மோதியவர், பிறகு மெக்சிகோ தலைநகரையே பிடித்தவர். இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அவருக்கு ஒரு படையெடுப்பு.

அவர் கையிலிருந்த பட்டாளம் சுமார் 16,000 பேர். அதிலும் பெரும்பகுதி மேற்கே எங்கெங்கோ புழுதிக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தது. டெக்சஸில் இருந்த படைக்கு ட்விக்ஸ் என்கிற ஜெனரல் பொறுப்பு. பிப்ரவரி மாதம், வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு முன்பே, கோட்டைகளையும் சாமான்களையும் பிரிந்துபோன மாநிலத்திடம் அவர் ஒப்படைத்துவிட்டார். சண்டை கிண்டை எதுவுமில்லை.

தலைமையகமோ பாகப்பிரிவினை நடக்கிற வீடு மாதிரி இருந்தது. யார் எந்தப் பக்கம் போவார் என்று காலையில் சொல்ல முடியாது. ராணுவ உத்தரவுகளை எழுதி அனுப்பும் அட்ஜுடன்ட் ஜெனரல் சாமுவேல் கூப்பர் பிறப்பால் வடக்கத்திக்காரர். மார்ச்சில் ராஜினாமா செய்தார். தெற்கே போய் அதே அட்ஜுடன்ட் ஜெனரல் வேலையில் சேர்ந்தார். மேஜைதான் மாறியது, வேலை மாறவில்லை. துணிமணி, கூடாரம், வண்டி எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஜோசப் ஜான்ஸ்டனும் ஏப்ரலில் கிளம்பிவிட்டார். ஸ்காட்டின் செல்லப்பிள்ளையான ராபர்ட் லீயிடம் ஏப்ரல் 18-ஆம் தேதி வடக்கின் படையை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். 20-ஆம் தேதி ராஜினாமா வந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லீயைப் போலவே ஸ்காட்டும் வெர்ஜீனியாக்காரர். கிழவர் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. உடம்பு காரணமில்லை, கொடுத்த சத்தியம் காரணம்.

தெற்கில் ஜெஃபர்சன் டேவிஸ் ரோஜாச் செடிகளுக்கு நடுவே நின்றபோது தந்தி வந்தது: நீங்கள்தான் ஜனாதிபதி. மனிதருக்கு முகம் தொங்கிப்போனது. அவர் ஆசைப்பட்டது ஜெனரல் பதவிக்கு. அதனால் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கடைசிவரை ஜெனரல் வேலையும் பார்த்தார். முன்பு இதே அமெரிக்காவுக்குப் போர் அமைச்சராக இருந்தபோது, ஹார்டி என்கிற அதிகாரியை வைத்து 1855-ல் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதி வாங்கியிருந்தார். இப்போது ஹார்டியும் தெற்கே வந்துவிட்டார், ஆனால் புத்தகம் இரண்டு பக்கமும் இருந்தது. எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பக்கத்தைப் புரட்டி ‘இடப்பக்கம் திரும்பு’ படித்துக்கொண்டிருந்தார்கள்.

தெற்கின் முதல் போர் அமைச்சர் லீராய் வாக்கர் ஒரு வக்கீல். இந்தச் சண்டையில் சிந்தப்போகும் ரத்தத்தையெல்லாம் ஒரு கைக்குட்டையால் துடைத்துவிடலாம் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. செப்டம்பருக்குள் பதவியை விட்டுவிட்டார்.

ஏப்ரல் 12-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மேல் குண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர் மேஜர் ஆண்டர்சன். வெளியிலிருந்து சுடச் சொன்னவர் ஜெனரல் போரகார்ட். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் போரகார்டுக்கு பீரங்கிப் பாடம் நடத்தியவரே இந்த ஆண்டர்சன்தான். 34 மணி நேரம் குருதட்சிணை நடந்தது, ஒரு உயிர்கூடப் போகவில்லை. சரணடைந்த பிறகு கொடிக்கு மரியாதை வேட்டு போடும்போது தற்செயலாக வெடித்ததில்தான் முதல் ஆள் செத்தான்.

உடனே வடக்கின் ஜனாதிபதி லிங்கன் 75,000 பேரை அழைத்தார், 90 நாளுக்கு. அவருடைய சொந்தப் போர் அனுபவம் 1832-ல் மூன்று மாதத்துக்கும் குறைவு. அதில் கொசுக்களோடுதான் ரத்தக்களரியாக மோதினேன் என்று பின்னாளில் அவரே கேலி பேசியிருக்கிறார். தொண்டர் படைகளில் பல இடங்களில் அதிகாரிகளைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டு கேட்டு வந்த கேப்டன் விடியற்காலையில் எழுப்பினால் எவன் எழுந்திருப்பான்? மேலே ஜெனரல் பதவிகள் வக்கீல் பட்லருக்கும், கவர்னராக இருந்த பேங்க்ஸுக்கும் போயின. சீருடையிலும் ஜனநாயகம்தான்: சிலர் சிவப்புத் தொளதொளா காற்சட்டை, விஸ்கான்சின்காரர்கள் வடக்கிலிருந்து சாம்பல் நிறத்தில், வெர்ஜீனியாவின் ஒரு ரெஜிமெண்ட் தெற்கிலிருந்து நீலத்தில்.

ஜூலை 21, புல் ரன் போர்க்களம். வடக்குப் படைக்குத் தலைமை இர்வின் மெக்டவல்; போரில் படை நடத்தியே பழக்கமில்லாதவர், ஆனால் பந்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாஷிங்டனிலிருந்து எம்.பி.க்களும் சீமாட்டிகளும் கூடையில் தின்பண்டத்தோடு வேடிக்கை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று பார்த்து ஒரு பென்சில்வேனியா ரெஜிமெண்டுக்கு 90 நாள் கணக்கு முடிந்தது. மெக்டவல் கெஞ்சினார். அவர்களோ பீரங்கிச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு வீட்டுக்கு நடந்தார்கள். தெற்கே போயிருந்த ஜான்ஸ்டனைத் தூரத்துப் பள்ளத்தாக்கிலேயே மடக்கி வைக்க வேண்டியவர் வடக்கின் ஜெனரல் பேட்டர்சன், வயது 69. ஜான்ஸ்டன் நழுவி ரயிலேறிப் போர்க்களத்துக்கு வந்துவிட்டார். வண்டி ஏற்பாடு பண்ண அவருக்குத் தெரியாதா என்ன, பழைய வேலையே அதுதானே! சாயங்காலம் தோற்ற வடக்குப் படையும் பார்வையாளர்களும் ஒரே ரோட்டில் ஓடினார்கள். ஈலி என்கிற எம்.பி. பிடிபட்டார்.

ஜெயித்த பக்கம் சும்மா இருந்ததா? டேவிஸ் ஜெனரல்களுக்கு சீனியாரிட்டி பட்டியல் போட்டார். ஜான்ஸ்டனுக்கு நாலாவது இடம், முதலிடம் மேஜை ஜெனரல் கூப்பருக்கு. ஜான்ஸ்டன் கொதித்துப்போய் நீண்ட கடிதம் எழுத, இருவருக்கும் உறவு கசந்தது. பகைவன் மேல் கூட இத்தனை மை செலவழித்திருக்க மாட்டார்கள்.

நவம்பர் 1-ஆம் தேதி ஸ்காட் ஓய்வு பெற்றார். அந்த இடத்தில் 34 வயது மெக்லெல்லன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று உட்கார்ந்தார். வசந்தம் வரும்வரை உட்கார்ந்தே இருந்தார். தெற்கின் துறைமுகங்களை அடைத்து, மிசிசிப்பி ஆற்றைப் பிடித்து, மெல்ல நெருக்கு என்று ஸ்காட் சொன்ன யோசனையை மலைப்பாம்புத் திட்டம் என்று கிண்டலடித்திருந்தார்கள். தெற்கை ஜெயிக்க 3 லட்சம் பேரும் இரண்டு மூன்று வருடமும் வேண்டுமென்று அவர் மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்ததும் யார் காதிலும் ஏறவில்லை. போர் நாலு வருடம் நடந்தது. துறைமுகத்தை அடைத்து, ஆற்றைப் பிடித்துத்தான் முடிந்தது. அந்த வருடம் கணக்கைச் சரியாகப் போட்டவர் குதிரை ஏற முடியாத கிழவர் ஒருவர்தான், அவரும் ஒரு வருடத்தைக் குறைத்தே சொல்லியிருந்தார்.