ஒன்பது வருட மைவியும் ஐம்பத்தைந்து வயதும்

ஜாசின் பக்கத்து இளைஞர்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபத்து மூன்று வயதில் ஒன்பது வருடக் கடன் போட்டு மைவி கார் எடுக்கிறவனைவிடத் தொலைநோக்கு உள்ளவன் யார்? முப்பத்திரண்டு வயது வரைக்கும் எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது இன்றே அவனுக்கு மனப்பாடம். அவனிடமே போய், வயசான காலத்துக்கு மாதம் நூறு வெள்ளி ஒதுக்கு என்றால், “அதுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்குண்ணே” என்பான். அந்த நாள் நிறைய இருப்பதுதான் அவனுடைய ஒரே சொத்து. அதையும் வங்கிக்காரன் மட்டும்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சோம்பேறி இருபத்தைந்து வயதில் தொடங்கி மாதம் 100 வெள்ளி போடுகிறான். பத்தே வருடத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறான், ஆனால் பணத்தைத் தொடவில்லை. ஓர் உத்தமன் முப்பத்தைந்தில் ஞானம் பிறந்து, அதே 100 வெள்ளியை இருபது வருடம் ஒரு மாதம் தவறாமல் போடுகிறான். சோம்பேறி போட்டது 12,000, உத்தமன் போட்டது 24,000. ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்தால், ஐம்பத்தைந்தில் இருவர் கணக்கிலும் ஏறக்குறைய 40,000 வெள்ளி. சொல்லப்போனால் சோம்பேறிதான் கொஞ்சம் முன்னால். இது அநியாயம் என்று உத்தமன் யாரிடம் முறையிடுவான்? 5 விழுக்காடு என் கற்பனையும் இல்லை. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2023க்கு 5.5, 2024க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. சட்டம் உறுதி தருவது 2.5 மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“அதான் இபிஎஃப் பிடிக்கிறானே, அப்புறம் என்ன?” என்பது நியாயமான கேள்வி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. அதே சம்பளத்தில் முப்பது வருடம் ஒரு காசு எடுக்காமல் விட்டாலும், 5 விழுக்காட்டில் அது 340,000-ஐத் தாண்டாது. அடிப்படைச் சேமிப்பு என்று இபிஎஃப் 2025 வரை சொன்னது 240,000. இனி அது 390,000-ஐ நோக்கி நகர்கிறது. ஒரு காசு எடுக்காமல் விடுகிற ஆளையும் நாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோவிட் காலத்தில் நாடு முழுக்க இபிஎஃப்பிலிருந்து 145 பில்லியன் வெள்ளி வெளியே வந்தது. பலருக்கு அது அரிசிக்காசு, குறை சொல்ல மாட்டேன். இபிஎஃப் 2024 மே மாதம் திறந்த மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்பதை மட்டும் யாரும் இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் கதை இன்னும் சுவாரசியம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவனுக்கு அங்கே இபிஎஃப் போன்ற சிபிஎஃப் கிடையாது, இங்கே இபிஎஃப் பிடிக்க முதலாளியும் இல்லை. டாலரை மூன்றால் பெருக்கிப் பார்த்துப் பூரித்துப்போவதால் இந்தப் பூஜ்யம் கண்ணில் படுவதில்லை. அவன் தானாகவே இபிஎஃப்பில் பணம் போடலாம், யாரும் தடுக்கவில்லை.

சம்பளம் பத்தவில்லை என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாளில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் நாள்கூலிக்குப் பால் வெட்டியவர்கள். அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்களுக்குச் சம்பளம் பத்தியது என்று யாரும் சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது கடைசி அஸ்திரம்: “நாளைக்கே செத்துட்டா?” செத்துவிட்டால் சிக்கலே இல்லை, பணம் நீங்கள் பெயர் கொடுத்த வாரிசுக்குப் போகும். எண்பது வரை இருந்துவிட்டால்தான் செலவு. அந்த வாரிசுப் படிவத்தில் அம்மா பெயரை எழுதுவதா, மனைவி பெயரை எழுதுவதா என்று வீட்டில் கிளம்பும் சண்டைக்கு மட்டும் என்னிடம் கணக்கு எதுவும் இல்லை.