மட்டக்களப்பு மருமகன்மாருக்கு ஒரு ஜெனரேட்டர் வழிகாட்டி

மட்டக்களப்பில் கலியாணம் கட்டும் ஆண்பிள்ளை வீடு கட்ட வேண்டியதில்லை, வீட்டுக்குள் போனால் போதும். வளவு மனைவியின் பெயரில் இருக்கும். கிணற்றடி மாமியின் ஆட்சியில் இருக்கும். பின்வளவுத் தென்னைகள் மச்சாளுக்கு என்று முன்னமே பேசி முடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மருமகன் தன் காசில் வாங்கி, தன் கையால் கயிறு இழுத்துக் கிளப்பி, "இது என்ட" என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் ஜெனரேட்டர்தான். ஆகவே அதை வாங்க யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். வாங்கி வந்து விறாந்தையில் இறக்கிய பிறகு இதைப் படித்தால் போதும்.

முதலில் காரணம் தயாராக இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்ததைச் சொல்லலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் முழு இலங்கையும் இருண்டதைச் சொல்லலாம். அமைச்சரே சொன்ன காரணம் அது, வீட்டில் யாரும் மறுக்க முடியாது. அதே வருடம் நவம்பரில் வந்த டித்வா புயலும் இருக்கிறது. எதைச் சொன்னாலும் மாமி 1978 சூறாவளியை எடுத்துப் போடுவார். "அப்ப நாங்க என்ன, ஜெனரேட்டரா வச்சிருந்தம்?" இதற்குப் பதில் கிடையாது. அடுத்த வேலைக்குப் போங்கள்.

பெட்டியில் இரண்டரை கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் அதில் வீடு முழுவதும் ஓடும் என்று அறிவித்துவிடுங்கள். பெட்டியில் போடுவது பெரும்பாலும் உச்ச அளவு, தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு என்பதெல்லாம் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தை வாசிப்பவன் மருமகனே அல்ல. தண்ணீர் மோட்டாரும் பிரிஜ்ஜும் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் கணத்தில் இழுக்கும். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் 2000 வாட்ஸ் கேத்தலைப் போடுவார்கள். ஜெனரேட்டர் ஒருமுறை உறுமி, லைட்டெல்லாம் மஞ்சளாகி, நின்றுவிடும். நான்கு லைட், இரண்டு ஃபேன், ஒரு பிரிஜ், போன் சார்ஜர்கள், அவ்வளவுதான் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. எழுதுங்கள். மாமி கிழிப்பார். திரும்ப எழுதுங்கள்.

இனி வீட்டு வயரிங்குடன் சேர்க்கும் கட்டம். இதில் ஊரில் புழங்கும் முறை ஒன்று உண்டு, அதற்கு வீரர் வழி என்று பெயர் வைக்கலாம். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய ஒரு வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பொயின்டில். சுவரிலிருந்து கரண்ட் எடுப்பதற்குப் பதிலாகச் சுவருக்கே கரண்ட் கொடுக்கும் உத்தி! இந்த வயரை எந்த ஹார்ட்வெயார் கடையிலும் விற்கமாட்டார்கள். ஆணி முதல் அரிக்கன் லாம்பு வரை விற்கிற கடைக்காரர் இதை மட்டும் ஏன் விற்பதில்லை என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. ஒரு முனை சொருகியிருக்க மறுமுனை கழன்றால், 230 வோல்ட் நிற்கும் பித்தளைப் பின்கள் வெறுமையாக விறாந்தையில் கிடக்கும். அதே விறாந்தையில்தான் பிள்ளைகள் தவழ்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி மதிலுக்கு வெளியே நடக்கும். மெயின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் உங்கள் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீற்றர் வழியாகப் பின்னால் போய், தெருக் கம்பியில் ஏறி, சந்தியிலுள்ள ட்ரான்ஸ்ஃபோமரைச் சேரும். 33,000 வோல்ட்டை 230 ஆக இறக்குகிற அந்தப் பெட்டிக்கு மேல் கீழ் தெரியாது. கீழிருந்து 230 கொடுத்தால் மேலே 33,000 ஆக்கித் தரும். "அதெப்படி, பக்கத்து வீடுகள் எல்லாம் என்ட லைனில ஏறினா மெசின் நின்றிடுமே" என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். பல நேரம் நின்றுவிடும், உண்மை. ஆனால் புயலடித்து உங்கள் ஒழுங்கை முகப்பில் கம்பி அறுந்து, அறுந்த துண்டில் உங்கள் வீடு மட்டும் மாட்டியிருந்தால் நிற்காது.

அந்தத் துண்டைக் கட்டத்தான் மின்சார சபைத் தம்பி மழைக்கோட்டோடு ஏணியில் ஏறுகிறார். பகல் முழுக்கப் படுவான்கரையில் வெள்ளத்துக்குள் நின்று கம்பி இழுத்துவிட்டு, இருட்டுப்பட வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்திருப்பார். லைனைச் சோதித்து, எர்த் பண்ணி, பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி உண்டு. அந்த ஒழுங்கில் ஒரு படி தவறுகிற நாள் உங்கள் வயர் சுவரில் இருக்கிற நாளாக அமையலாம். "நான் மெயின் சுவிட்சை மறக்காம ஓஃப் பண்ணுவன்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. கலியாண நாளையே மறக்கிறவருடைய ஞாபகத்தில் அந்தத் தம்பியின் உயிரைத் தொங்கவிட முடியாது. அவரும் எங்கோ ஒரு வீட்டு மருமகன்.

வீரர் வழியை விட்டால் என்ன இருக்கிறது? பழைய வழி இருக்கிறது. டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, வளவில் பாய் விரித்து, விடியவிடியப் படம் பார்த்த தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. அவர்கள் யாரும் வீட்டு வயரிங்கைத் தொடவில்லை. மெசினிலிருந்து ஒரு வயர் நேரே டிவிக்கு, இன்னொன்று டியூப் லைட்டுக்கு. மெசின் வீட்டுக்கு வெளியே எங்கோ உறுமிக்கொண்டிருக்கும். கையில் காசும் வயரிங்காரரும் இல்லாத மருமகனுக்கு இன்றைக்கும் அதுதான் சரி: மழைக்குத் தாங்கும் தடித்த எக்ஸ்டென்ஷன் வயர், சாமானை அதிலேயே சொருகுவது, சுவரை அதன் பாட்டில் விடுவது. கௌரவம் கொஞ்சம் குறையும். சுவிட்சைத் தட்டி ஹோலில் லைட் போட முடியாதே!

அந்தக் கௌரவம் வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்ட வேண்டும். மெசினுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் இந்தப் பெட்டியின் விலை கேட்டதும் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் கைப்பிடிக்கு மூன்று இடம்தான்: ஒரு பக்கம் மின்சார சபை, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றை முழுக்க விட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடும். இரண்டும் ஒருசேரப் பிடிக்க அதன் உடம்பிலேயே வழி கிடையாது, உங்கள் ஞாபகசக்தியும் அதற்குத் தேவையில்லை. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டைத் துருவப் பெட்டியாகக் கேளுங்கள். பூட்டுவதற்குத் தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள வயரிங்காரர் வரட்டும். மைத்துனர் வேண்டாம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். மீற்றருக்கு முன்னாலுள்ள பக்கமும் சீலும் சபையின் சொத்து, அங்கே யாரும் கை வைக்கக் கூடாது.

வந்த வயரிங்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், உங்கள் மதிப்பு உயரும். "ஜெனரேட்டரில ஓடேக்க ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுமா?" சிறிய மெசின்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது கரண்ட் ஒழுகினாலும் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியாமல் போகலாம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அந்தப் பட்டன் சுவிட்சின் பொறிமுறையைச் சோதிப்பது, எர்த்தை அல்ல. எந்த இடத்தில் சேர்ப்பது, எர்த் கம்பி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அவர் மீற்றர் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். கூரையில் சோலார் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சபையின் கரண்ட் நின்றதும் தானாக அணைகிற சோலார் இன்வேர்ட்டர், உங்கள் மெசினின் கரண்டைச் சபையுடையதென்று நினைத்து விழித்துக்கொள்ளக்கூடும். பிறகு இரண்டில் ஒன்று பழுதாகும்.

மெசினை எங்கே வைப்பது? வீரர் வழிக்காரர் அடுப்படிக்குள் வைப்பார். மழை படாது, கள்ளனும் தூக்கமாட்டான், சத்தமும் அயலுக்குக் கேட்காது. மூன்றும் நல்ல காரணங்கள், மூன்றுமாகச் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். பெற்றோல் எரிந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தலை இடிக்கும், வாந்தி வருவதுபோல் இருக்கும், வெயில் பட்டதாக நினைத்துப் படுப்பார்கள். விறாந்தை, கராஜ், ஜன்னல் திறந்த ஸ்டோர் றூம் எதுவும் வெளி என்ற கணக்கில் வராது. வீட்டிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, புகை வாய் ஜன்னலைப் பார்க்காதபடி, நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரைக்குக் கீழே, வெள்ளம் ஏறாத மேட்டில் வையுங்கள். கள்ளனுக்குச் சங்கிலி போடலாம். அந்தப் பக்கம் அயல்வீட்டு ஜன்னல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயல் என்றதும் நினைவு வருகிறது. மெசின் ஓடத் தொடங்கிய கால் மணித்தியாலத்தில் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும்: "மகன், ஒரு லைட்டுக்கு மட்டும் ஒரு லைன் தாங்களன்." இல்லை என்று சொல்ல நமக்கு வராது. முட்கம்பி வேலிக்கு மேலால் ஈர வயர் இழுப்பதைவிட, அவர்கள் வீட்டுப் போன்களையும் சார்ஜ் லைட்டையும் வாங்கி வந்து உங்கள் வீட்டில் சொருகுங்கள். பதிலுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ வரும்.

கிளப்பும் ஒழுங்கு சிறியது. கைப்பிடி நடுவில். மெசினைச் சுமையில்லாமல் கிளப்பி, சத்தம் சீராகும் வரை விட்டு, கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பி, சாமான்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள், பிரிஜ்ஜை முதலில். நடுவில் பெற்றோல் தீர்ந்தால் மெசினை நிறுத்தி ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் தீப்பிடிக்கும். அந்த இருட்டில் மாமி சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டு இருக்கத்தான் வேண்டும். 2022இல் கியூஆர் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கியதை ஞாபகப்படுத்தினால் கொஞ்சம் அடங்குவார்.

கரண்ட் வந்ததை ஒழுங்கைப் பிள்ளைகள் "ஓ!" என்று கத்தி அறிவிப்பார்கள். உடனே பாய வேண்டாம், வந்த கரண்ட் ஐந்து நிமிடத்தில் திரும்பப் போவது வழமை. கொஞ்சம் பொறுத்து, சாமான்களை நிறுத்தி, கைப்பிடியை நடுவுக்கும் அங்கிருந்து சபையின் பக்கத்துக்கும் கொண்டுவந்து, மெசினை இரண்டு நிமிடம் வெறுமையாக ஓடவிட்டு நிறுத்தி, பெற்றோல் குழாயைப் பூட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் அயன் பெட்டியும் ஒரு குவியல் சேலையுமாக மாமி பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் நிற்பார். வழியை விட்டு விலகி நில்லுங்கள்.